தோட்டத்துத் தேவதைக் கதவுகள்: வரலாறு, வகை, தாழ்ப்பாள் – ஓர் ஆய்வு

இயல் 1: ஆய்வின் தேவை

மரத்தின் அடியில், வேர் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில், ஒரு சாண் உயரத்துக்கு ஒரு கதவு. பச்சை வண்ணம். குமிழுக்குப் பதில் குண்டூசித் தலை. வாசலில் நாலு கூழாங்கல், கொஞ்சம் பாசி, மழையில் ஊறிய ஒரு கடிதம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் ‘ஃபேரி டோர்’ எனப்படும் இந்தத் தேவதைக் கதவைத் தாத்தா பாட்டிகள் இருட்டிய பிறகு பொருத்துகிறார்கள்; பேரப்பிள்ளைகள் விடிந்த பிறகு கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்தவரைவிடப் பொருத்தியவர் முகத்தில் வியப்பு ஒரு மாற்றுக் கூடுதலாகத் தெரிய வேண்டும் என்பது இக்கலையின் முதல் விதி.

இத்துறையில் இதுவரை ஆய்வே நிகழவில்லை என்று தொடங்குவது மரபு. மரபு காக்கப்படுகிறது. நிகழ்ந்த ஆய்வுகள் மூன்றாம் இயலில் விரிவாகத் தரப்பட்டுள்ளன.

இயல் 2: எல்லை, கருதுகோள், சான்றுகள்

ஆய்வு எல்லை: வடக்கே வேலி, தெற்கே சமையலறை வாசல், கிழக்கே உரக்குழி, மேற்கே பக்கத்து வீட்டுப் பூனை.

கருதுகோள்: ‘தேவதைக் கதவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது, அல்லது இல்லை.’ எந்த முடிவு வந்தாலும் சரியாகிவிடும்படி இது அமைக்கப்பட்டுள்ளது. நெறியாளர்கள் இத்தகைய கருதுகோள்களையே விரும்புவர்.

முதன்மைச் சான்றுகள் இருவர்: ஐந்தரை வயதுப் பேத்தி, மூன்று வயதுப் பேரன். துணைமைச் சான்றுகள்: நூல்கள். இவை முரண்படும் இடங்களில் பேத்தியின் கூற்றே கொள்ளப்பட்டது. ஏனெனில் நூல்கள் அழுவதில்லை.

ஆய்வு முறைகள்: விளக்க முறை, ஒப்பீட்டு முறை, குனிந்து பார்க்கும் முறை. மூன்றாவது முறையைக் கையாண்டபின் ஆய்வாளர் நிமிர்வதற்கு வேலிக்கம்பம் உதவியது. நன்றியுரையில் அதன் பெயர் நெறியாளர் பெயருக்கு அடுத்ததாக இடம்பெறும்.

இயல் 3: முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி, ஸ்காட்லாந்தின் அபர்ஃபாயில் ஊர்ப் பாதிரியார் ராபர்ட் கிர்க். விவிலியத்தின் சங்கீதங்களைக் கேலிக் மொழியில் பாடும்படி ஆக்கித் தந்த புலமையாளர். 1691-92 வாக்கில் ‘தி சீக்ரெட் காமன்வெல்த்’ என்ற நூலை எழுதினார். தேவதைகளின் உடல் எதனால் ஆனது, எதை உண்கின்றன, எப்படி வாழ்கின்றன என்று வகுத்து வகுத்துச் சொல்லும் நூல் அது. காலாண்டுக்கு ஒருமுறை அவை குடிமாறும் என்றும் குறித்திருக்கிறார்; முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று குறிக்கவில்லை. 1692-இல் அவர் இறந்தார். இறக்கவில்லை, அருகிலிருந்த டூன் குன்றுக்குள் தேவதைகள் கொண்டுபோய்விட்டன என்பது ஊரார் வழக்கு. கையெழுத்துப் படியாகக் கிடந்த நூல், வால்டர் ஸ்காட்டின் முயற்சியால் 1815-இல் அச்சேறியது. ஆய்வேட்டுக்கு முடிவு வர நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர் என்ற பெருமை கிர்க்குக்கு உண்டு. நம் பல்கலைக்கழகங்கள் சில இச்சாதனையை நெருங்கிக்கொண்டிருக்கின்றன.

அடுத்தவர் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன். பல்லேடியம், ரோடியம் என்ற இரண்டு தனிமங்களைக் கண்டறிந்த வேதியியலாளர். புல்வெளியில் வட்டமாகக் காளான் முளைத்தால் அது தேவதைகள் இரவில் ஆடிய தடம் என்று ஐரோப்பிய நாட்டார் நம்பியிருந்தனர். 1807-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வொல்லாஸ்டன் எழுதிய கட்டுரை, மண்ணிலுள்ள சத்தைத் தீர்த்துக்கொண்டே பூஞ்சை வெளிநோக்கிப் பரவுவதால்தான் வட்டம் உண்டாகிறது என்று விளக்கியது. உலகுக்கு இரண்டு தனிமங்களைக் கொடுத்தவர் ஒரு நாட்டியத்தைப் பறித்துக்கொண்டார்.

1927-இல் லண்டனில் தேவதைப் புலனாய்வுக்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. 1976-இல் கேதரின் பிரிக்ஸ் தேவதைகளுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். 2014 முதல் 2017 வரை வரலாற்றாசிரியர் சைமன் யங் ‘தேவதைக் கணக்கெடுப்பு’ நடத்தி, கண்டதாகச் சொன்னவர்களின் அனுபவங்கள் ஏறத்தாழ 500-ஐத் திரட்டினார். இவர்களில் எவரும் தாழ்ப்பாளுக்குத் தனி இயல் ஒதுக்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரையும், அடுத்த ஆண்டு இதே செய்திகளை வேறு தலைப்பில் கொண்ட இன்னொரு கட்டுரையும்.

இயல் 4: தோற்றமும் பரவலும்

இன்று நாம் காணும் கதவுகளுக்குப் புகழ் தேடித் தந்த ஊர், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர். பல்கலைக்கழக ஊர். அங்குள்ள ஓவியர் ஜொனாதன் ரைட்டின் வீட்டில் 1993-இல் குட்டிக் கதவுகள் முளைத்தன. அவருடைய மனைவி வீட்டிலேயே மழலையர் வகுப்பு நடத்திவந்தார். 2005 ஏப்ரலில் ஊரின் காப்பிக் கடை ஒன்றின் வெளிச்சுவரில் ஒரு கதவு தோன்றியது. பிறகு கடை, திரையரங்கம், நூலகம் என்று பரவியது. பல கதவுகள் அந்தந்தக் கட்டடத்தின் வாசலையே சிறிதாக்கியது போல இருந்தன. குழந்தைகள் காசும் மிட்டாயும் கடிதமும் வைத்துவிட்டுப் போனார்கள். ரைட்டோ இவற்றை நான் செய்தேன் என்று மார்தட்டுவதில்லை. தம்மைத் தேவதையியல் ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்கிறார். படைத்தவர் அடக்கமாக ஆய்வாளராகிவிடுவது அங்கு. ஆய்வாளர்கள் அடக்கமின்றிப் படைத்துவிடுவது வேறு ஊர்களில்.

நார்வேயிலும் டென்மார்க்கிலும் கிறிஸ்துமஸ் காலத்தில் ‘நிஸ்ஸே’ என்ற வீட்டுக் குள்ளனுக்காகச் சுவரடியில் சிறு கதவு வைப்பார்கள். அவனுக்குக் கூழ் வைக்க வேண்டும். மேலே வெண்ணெய்க் கட்டி இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வான். சுவீடனின் மால்மோ நகரில் 2016 டிசம்பரில் நடைபாதையை ஒட்டி, தரைமட்டத்தில், எலிகளுக்கு ஓர் உணவகமும் கொட்டைப் பருப்புக் கடையும் திறக்கப்பட்டன. அப்போது முகம் காட்டாதிருந்த கலைஞர்களின் வேலை.

இயல் 5: வகைப்பாடு

அ. மரக்கதவு. ஐஸ் குச்சிகளை வரிசையாக ஒட்டி, வெளிப்புற வார்னிஷ் இரண்டு பூச்சு. ஐஸ் குச்சி சேகரிக்கும் கட்டம் பேரப்பிள்ளைகளின் முழு ஒத்துழைப்புடன் நிறைவேறும்.

ஆ. சுடாத களிமண் கதவு. முதல் மழை வரை.

இ. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கதவு. காண்க: இ.

ஈ. ஜன்னல். கதவு அன்று.

உ. ஜிகினாக் கதவு. தேவதை வந்துபோன தடயமாக ஜிகினாத்தூள் தூவப்படுவது. அத்தூள் மண்ணில் மக்காத நுண்பிளாஸ்டிக். 2023 அக்டோபர் 17 முதல் ஐரோப்பிய ஒன்றியம் உதிரிப் பிளாஸ்டிக் ஜிகினா விற்பனையைத் தடுத்துவிட்டது. எனவே ஐரோப்பியத் தேவதைகள் தற்போது உலர்ந்த பூவிதழ்ப் பொடியைச் சிந்திக்கொண்டு போகின்றன.

ஊ. ஆணியடித்த கதவு. இது வகையன்று, குற்றம். பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய வளர்படையில்தான் மரம் ஆண்டுதோறும் பருக்கிறது. ஆணி அந்தப் படையைக் கிழிக்கிறது. காயம் வழியே பூஞ்சை நுழைகிறது. மரம் பருக்கப் பருக்க ஆணியை விழுங்கிக் கதவைப் பிளக்கிறது. பசையும் பட்டைக்கு நல்லதல்ல. கதவின் பின்புறம் இரண்டு குச்சிகளைப் பொருத்தி மண்ணில் ஊன்றி, மரத்தின்மேல் சாய்த்து வைப்பதே முறை.

எ. சூழல் கெட்ட கதவு. கதவு அழகு, பக்கத்திலுள்ள செடி நஞ்சு. ஆங்கிலத் தோட்டங்களில் தேவதைச் செடி என்று பெயர்பெற்ற ஃபாக்ஸ்குளோவின் இலை, பூ, விதை அனைத்தும் நச்சு. மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-இல் இச்செடியின் பயனைப் பற்றித் தனி நூலே எழுதினார். இதன் இனத்திலிருந்து வந்த டிஜாக்சின் இன்றும் இதயநோய் மருந்து. ஆகவே அது தாத்தாவின் மாத்திரை டப்பாவில் இருக்கலாம். எதையும் வாயில் போடும் பேரன் நடமாடும் வாசலில் இருக்கக் கூடாது. பதிலுக்குத் தைம் மூலிகை நடலாம்.

இயல் 6: அளவியல்

பொம்மை வீட்டுக்காரர்களின் பொது அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அடிக்கு ஓர் அங்குலம். 80 அங்குல உயரமுள்ள வீட்டுக்கதவு இக்கணக்கில் ஏறக்குறைய 17 சென்டிமீட்டராகும். இந்த அளவின் உச்சகட்டச் சாதனை வின்ட்சர் கோட்டையில் இருக்கும் மேரி அரசியின் பொம்மை வீடு. 1921 முதல் 1924 வரை கட்டப்பட்டது. குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், லிஃப்ட் ஏறி இறங்கும், குப்பிகளில் உண்மையான மது இருக்கும். வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். அதே ஆண்டுகளில் அவர் டெல்லியில் 340 அறைகள் கொண்ட வைஸ்ராய் மாளிகையையும் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டிலும் கடைசிவரை குடியிருக்க முடிந்தவர்கள் பொம்மை வீட்டார் மட்டுமே.

அளவில் ஒரு சிக்கல். 30 அங்குல அகலக் கதவு இக்கணக்கில் இரண்டரை அங்குலம்தான். இறக்கை விரித்த தேவதை இதில் நுழைய முடியாது. வண்ணத்துப்பூச்சி போல முதுகுக்கு மேல் மடித்துக்கொண்டால் நிலையின் மேற்சட்டம் இடிக்கும். ஆய்வாளர் நிலையை மூன்று அங்குலமாக்கிப் புதிய வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோது, இறக்கையைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டுத்தான் அவை உள்ளே போகும் என்ற தகவல் கிடைத்தது (பேத்தி, வாய்மொழி). வாசலில் இப்போது ஒரு கொக்கி இருக்கிறது.

இயல் 7: கதவு திறக்குமா?

மற்ற இயல்கள் யாவும் இவ்வொரு வினாவுக்கு முன்னுரையாக எழுதப்பட்டவை. இவ்வினாவில் தாத்தா உலகம் மூன்றாகப் பிளவுபட்டுக் கிடக்கிறது.

முதலாவது, திறவாக் கொள்கை. கீலை வண்ணத்தால் வரைந்தால் போதும். கதவு அசையக் கூடாது. அசைந்தால் பின்னால் பட்டை தெரியும். பட்டை தெரிந்தால் அடுத்த கேள்வி வரும். அடுத்த கேள்விக்குத் தாத்தாவிடம் பதில் இருந்ததாக வரலாறு இல்லை. ‘உள்ளே இருந்து பூட்டியிருக்கிறது’ என்பது இக்கொள்கையின் மூல வாக்கியம். ஏன் பூட்டியிருக்கிறது? தூங்குகின்றன. பகலிலா? இரவில் வேலை. என்ன வேலை? இங்கே திறவாக் கொள்கையினர் பாலை அடுப்பில் வைத்த நினைவு வந்து எழுந்துவிடுவர். பேத்தி இக்கொள்கையை ஏற்றுக்கொண்டார், ஆனால் ஒரு திருத்தத்துடன்: பூட்டு இருந்தால் சாவித்துவாரம் இருக்க வேண்டும், சாவித்துவாரம் இருந்தால் எட்டிப் பார்க்கலாம் (பேத்தி, வாய்மொழி, காலை உணவின்போது, கரண்டியை உயர்த்தியவாறு). சாவித்துவாரத்தை எதிர்பாராதது இக்கொள்கையின் பெருங்குறை.

இரண்டாவது, திறப்புக் கொள்கை. பொம்மை வீட்டுக்கான பித்தளைக் கீல்கள் கடையில் கிடைக்கின்றன. கதவுக்குப் பின் ஒரு தகரடப்பாவைப் பதித்து, தீப்பெட்டிக் கட்டில், பொத்தான் தட்டு, ஓக் மரக் கொட்டையின் மூடியில் கிண்ணம் என்று குடித்தனம் அமைப்பார்கள். சான்று வலிமையானது. ஆனால் வீட்டைப் பார்த்த மறுகணம் ‘ஆள் எங்கே?’ என்ற வினா பிறக்கும். சந்தைக்குப் போயிருக்கின்றன என்பது விடை. ஒருவர் எத்தனை நாள்தான் சந்தைக்குப் போவார்? வாங்கி வந்த காய்கறி எங்கே? பேரன் இதற்கு ஒரு முடிவு சொன்னதாகத் தெரிகிறது, ஆனால் மூலத்தில் சிதைவு உண்டு (பேரன், மறுப்புரை, வாயில் பிஸ்கட்டுடன், நடுவில் மூன்று சொற்கள் விளங்கவில்லை, ‘பூனை தின்னுடுச்சு’ என்பதே நேர்பாடம், ‘பானை தின்னுடுச்சு’ என்று பாடம் ஓதுவாரும் உளர், அவர்கள் பாட்டி கட்சியினர்).

மூன்றாவது, ஒருக்களிப்புக் கொள்கை. கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்து வைத்து, ஒவ்வொரு இரவும் கோணத்தை மாற்றுவது. இதற்கு மழையிலும் எழுந்துபோகும் மனத்திண்மையும், டார்ச் விளக்கும், ‘இந்த நேரத்துல தோட்டத்துல என்ன பண்றீங்க?’ என்று மேல்மாடி ஜன்னலிலிருந்து வரும் வினாவைத் தாங்கும் நெஞ்சுரமும் தேவை. உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் குழந்தையே சொல்லிவிடும் என்பது இம்முறையின் நன்மை. அவ்வாறு சொல்லப்பட்டவற்றின் நம்பகமான ஒரே பதிவு ஒரு சுவடி (பேத்தி, ‘கதவுக்குள்ள என்ன இருக்கு’, மெழுகு வண்ணம், ஒரே ஏடு, இருப்பிடம்: குளிர்பதனப் பெட்டிக் கதவு, ஆரஞ்சுப்பழக் காந்தத்தின் கீழ், முதற்பதிப்பு ஜாம் பட்டு அழிந்தது, இரண்டாம் பதிப்பில் நூலாசிரியர் தாமே ஒரு குதிரையைச் சேர்த்துள்ளார், பின்பக்கத்தில் மின்கட்டண ரசீது, அது இடைச்செருகல்).

இச்சுவடியை மறுக்கும் ஒரு கல்வெட்டும் உண்டு (சுவர்க்கிறுக்கல், மாடிப்படி தெற்குச் சுவர், மூன்றாம் படியிலிருந்து ஒரு முழம் மேலே, பேரன் காலம், எழுத்தமைதியைக் கொண்டு குளியலுக்கு முந்தியது எனத் துணியலாம், மெய்க்கீர்த்திப் பகுதி ஈரத்துணியால் துடைக்கப்பட்டுவிட்டது, துடைத்தவர் ஆய்வாளரின் மகள், மைப்படி எடுக்கும் முன்பே துடைத்தது தொல்லியலுக்கு ஈடுசெய்ய இயலாத இழப்பு, எஞ்சிய கோடு குதிரையின் வாலே என்பது ஒரு சாரார் கருத்து, படகு என்பார் மறுசாரார், இரு சாராரும் பேசிக்கொள்வதில்லை).

மூன்றையும் ஒப்பிடும்முன், கதவை உடைத்தே திறப்போம் என்று புலமை புறப்பட்டால் என்னாகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு இன்றியமையாதது.

1917-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள காட்டிங்லி ஊரில் எல்சி ரைட், ஃபிரான்சிஸ் கிரிஃபித்ஸ் என்ற பெரியம்மா சித்தி மக்கள் இருவர் ஓடைக்கரையில் தேவதைகளுடன் படம் பிடித்துக்கொண்டனர். எல்சிக்கு 16 வயது, ஃபிரான்சிஸுக்கு 9. கேமரா எல்சியின் அப்பாவுடையது. ‘இனிமேல் கேமரா கிடையாது’ என்ற அளவில் அந்த அப்பா விஷயத்தை முடித்துவிட்டார். இத்துறையில் பெரியவர் ஒருவர் எடுத்த கடைசி நிதானமான முடிவு அதுவே.

படங்கள் பிரம்மஞான சபைக்காரர் எட்வர்ட் கார்ட்னரின் கைக்குப் போயின. நிபுணரிடம் காட்டினார், இது ஒட்டு வேலையல்ல என்று நிபுணர் சான்று கொடுத்தார். கோடக் நிறுவனத்தாரிடம் கேட்டபோது, சான்றிதழ் தர மறுத்துவிட்டார்கள். அவர்கள் வணிகர்கள், அறிஞர்கள் அல்லர். ஆர்தர் கோனன் டாயில் அறிஞர். துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்தவர். 1920 டிசம்பர் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் படங்களுடன் கட்டுரை எழுதினார். இதழ் விற்றுத் தீர்ந்தது. 1922-இல் ‘தி கமிங் ஆஃப் தி ஃபேரீஸ்’ என்று நூலாகவே போட்டார்.

அந்த 1922-இல்தான் மேரி அரசியின் பொம்மை வீட்டு நூலகத்துக்காகத் தம் கையாலேயே ஒரு குட்டிப் புத்தகமும் எழுதினார். அதில் ஹோம்ஸின் தோழர் வாட்சன் தம் நண்பரைப் போலவே தடயங்களிலிருந்து அனுமானம் செய்யப் பார்க்கிறார். ஒவ்வொன்றும் தவறாகப் போகிறது. அதுதான் கதை.

உண்மை வெளிவர 1983 ஆயிற்று. பாட்டிமாராகிவிட்ட அவ்விருவரும் சொன்னார்கள்: தேவதைகள் அட்டையில் வரைந்து வெட்டியவை; தொப்பி ஊசியால் நிறுத்தியவை. மாதிரிக்கு எடுத்துக்கொண்டது 1914-இல் வந்த ‘பிரின்சஸ் மேரீஸ் கிஃப்ட் புக்’ என்ற குழந்தை நூலின் ஓவியம். அந்நூலில் எழுதியவர்களில் ஒருவர் ஆர்தர் கோனன் டாயில். தம் கட்டுரை வந்த தொகுப்பில் மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று புரட்டிப் பார்க்காத பழக்கம், கருத்தரங்கக் கோவைகளுக்கு முன்பே உலகில் இருந்திருக்கிறது என்பது இதனால் பெறப்படும். (ஐந்து படங்களில் கடைசியொன்று மட்டும் மெய் என்று ஃபிரான்சிஸ் இறுதிவரை சொல்லிவந்தார். கதவை ஒருக்களித்து வைத்தவர் அவர் ஒருவரே.)

இங்கு ஒரு துணைக்குறிப்பு. கார்ட்னர் சார்ந்த பிரம்மஞான சபையின் உலகத் தலைமையகம் சென்னை அடையாறு. அச்சபையின் லெட்பீட்டர் இயற்கைத் தேவதைகள் பற்றி எழுதிய பகுதி அடங்கிய நூல் 1913-இல் அடையாற்றிலிருந்தே வெளிவந்தது. இவ்விரு சான்றுகளை வைத்துத் தேவதைகள் அடையாற்றுக் கரையிலிருந்து புறப்பட்டு யார்க்‌ஷயர் போய்ச் சேர்ந்த ஆதித் தமிழ்க்குடியினர் என்று நிறுவ முழுத் தகுதியும் துணிவும் உடையவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆய்வாளர் அவர்கள் வழியில் குறுக்கே நிற்க விரும்பவில்லை.

மேற்கண்டவற்றால், கதவு திறக்குமா என்ற வினா மேலும் ஆராயத்தக்கது என்பது தெள்ளிதின் விளங்கும்.

இயல் 8: குடியேற்றமும் ஆட்சியும்

ஒரு கதவு இருந்தால் விளையாட்டு. இருநூறு இருந்தால் நகராட்சி. இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில், குரூகர்ன் ஊருக்கு அருகே வேஃபோர்டு வுட்ஸ் என்றொரு காடு. 2000-ஐ ஒட்டி யாரோ ஒரு மரத்தடியில் ஒரு கதவு வைத்தார்கள். பிறர் பார்த்தார்கள், அவரவர் பங்குக்கு வைத்தார்கள். குழந்தைகள் கடிதம் எழுதிச் செருகினார்கள். 2015-இல் கணக்குப் பார்த்தபோது இருநூறைத் தாண்டியிருந்தது. காட்டைப் பராமரிக்கும் அறங்காவலர்கள், தாங்கள் தேவதைகளுக்கு எதிரிகள் அல்லர் என்று முதலில் தெளிவுபடுத்திவிட்டு, இனிக் கட்டுப்பாடு வேண்டும் என்றார்கள். அனுமதியற்ற குடியிருப்பு, ஆக்கிரமிப்பு, ஒழுங்குபடுத்தல் என்று மனிதர்க்குரிய அத்தனை நிலப் பிரச்சினைகளும் பதினைந்தே ஆண்டில் பதினேழு சென்டிமீட்டர் உயரத்தில் வந்துவிட்டன. பட்டா கேட்டு எவரும் வரவில்லை.

சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் 2013-இல் ஒரு தந்தையும் மகனும் மரத்தடியில் ஒரு கதவு வைத்தனர். பூங்காத் துறை எடுத்துப்போனது. மக்கள் கேட்டார்கள். மீண்டும் ஒரு கதவு வந்தது. கோப்பு முடிக்கப்பட்டது.

அரசு ஒரேயடியாகப் பணிந்த நிகழ்ச்சியும் உண்டு. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தில், புதிய சாலை போகும் வழியில் ஒரு முள்மரம் நின்றது. தேவதைகள் கூடும் மரம் என்றார் கதைசொல்லியும் நாட்டார் வழக்குச் சேகரிப்பாளருமான எட்டி லெனிஹன். 1999-இல் அவர் எழுப்பிய குரலுக்குப் பின், மரத்தை விட்டுவிட்டுச் சாலை போனது. லண்டன் கென்சிங்டன் பூங்காவிலோ ஒரு படி மேல். ரிச்மண்ட் பூங்காவிலிருந்து கொண்டுவந்த பழைய ஓக் மரத்தின் அடிக்கட்டையில் ஐவர் இன்னஸ் என்ற கலைஞர் குட்டி மனிதர்களையும் தேவதைகளையும் பறவைகளையும் செதுக்கினார். 1930-இல் வேலை முடிந்தது. 1960-களில் நகைச்சுவை நடிகர் ஸ்பைக் மில்லிகன் முன்னின்று அதைச் சீர்செய்தார். 1997 முதல் அது அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாம் தரக் கட்டடம். கட்டடம் என்ற பிரிவில்தான். அலுவலகம் ஒன்று தேவதைகளுக்கு வீட்டு உரிமை கொடுத்த சான்றாக இதைக் கொள்ளலாம்.

இயல் 9: உண்மையில் குடியிருப்போர்

குடியிருப்போர் பட்டியல் அதிகாலையில், கதவை மெல்லத் தூக்கிப் பார்த்துத் தயாரிக்கப்பட்டது. ஓடில்லா நத்தைகள். ஓடுள்ள நத்தை ஒன்று. ஒரு சிலந்தி. தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் பதினான்கு கால் சிற்றுயிர்கள் சில. பார்க்கப் பூச்சிபோல இருந்தாலும் இவை நண்டு, இறால் கூட்டத்தைச் சேர்ந்தவை. மக்கும் மரத்தையும் இலையையும் தின்று மண்ணாக்குபவை. மழை நாட்டுத் தோட்டத்தில், மரத்தடியில் சாய்த்து வைத்த எந்தப் பலகையும் ஒரே வாரத்தில் ஈரமும் இருட்டுமான விடுதியாகிவிடும். தேவதைக்கென்று கட்டிய வீட்டில் இறால் வகையறா குடியேறியதை அறிந்த பேரன், தேவதையைப் பற்றி அதன்பின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாள் முழுக்கச் சுருள்பவற்றையே தொட்டுக்கொண்டிருந்தார்.

வேலிக்கும் ஒரு கதவு உண்டு. பிரிட்டனில் முள்ளெலிகள் குறைந்துவருவதால், வேலியின் அடியில் 13 சென்டிமீட்டருக்கு 13 சென்டிமீட்டர் அளவில் ஒரு வழி விடும்படி வனவிலங்கு ஆர்வலர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். ஒரே இரவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்து இரை தேடும் உயிர் அது. ஒரு வீட்டுத் தோட்டம் போதாது. அளவும் ஏறத்தாழ தேவதைக் கதவின் அளவுதான். மேலே வளைவு வைத்துப் பச்சை வண்ணம் அடித்தாயிற்று. கதவுப்பலகை மட்டும் கிடையாது. ஆகவே திறக்குமா என்ற விவாதத்துக்கே இடமில்லை. மூன்று கொள்கையினரும் இதை ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது என்று ஒருமனதாகத் தள்ளிவிட்டனர்.

இயல் 10: முடிவுகளும் வாய்மொழித் தேர்வும்

இவ்வாய்வால் கண்டறியப்பட்டவை: ஒன்று, தேவதைக் கதவு என்பது ஒரு கதவு. இரண்டு, அது சிறியது. மூன்று, அதைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் அதைவிடப் பெரியவை.

வாய்மொழித் தேர்வு தோட்டத்திலேயே நடந்தது. புறத்தேர்வாளர் பேத்தி, கவிழ்த்த வாளிமேல் அமர்ந்திருந்தார். பொதுமக்கள் தரப்பில் பேரனும் பூனையும்.

முதல் வினா: “புகைபோக்கி எங்க?”

ஆய்வாளர், பொம்மை வீட்டுக் கட்டடக்கலையில் புகைபோக்கியின் இடம் குறித்து லட்யன்ஸிலிருந்து தொடங்கினார். தேர்வாளர் வாளியில் தாளம் போட்டார். வினா கைவிடப்பட்டது.

இரண்டாம் வினா: “தேவதை எனக்கு எழுதின லெட்டரும் தாத்தா எழுதுற கடைச் சீட்டும் ஏன் ஒரே மாதிரி சாஞ்சிருக்கு?”

இதற்கு ஆய்வாளர் முழுமையாக ஆயத்தமாயிருந்தார். இரண்டு நூல்களுக்கிடையே ஒற்றுமை காணப்பட்டால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்கலாம். இரண்டும் தொலைந்துபோன மூன்றாவது நூலிலிருந்து வந்திருக்கலாம். அல்லது பெரியோர் ஒன்றுபோலச் சிந்திப்பர் என்று அமைதி காணலாம். மூன்றும் தமிழாய்வில் நெடுங்காலம் சோறு போட்ட விடைகள். தேர்வாளர் மூன்றாவதை ஏற்றுக்கொண்டு, அடுத்த கடிதத்தில் குதிரையைப் பற்றி விசாரிக்கும்படி தேவதையிடம் சொல்லச் சொன்னார்.

மூன்றாம் வினா பொதுமக்களிடமிருந்து வந்தது. வினாவாக இல்லை, விரலாக இருந்தது. அது நத்தையைக் காட்டியது.

தேர்வறிக்கை அங்கேயே, மெழுகு வண்ணத்தில் எழுதிக் கொடுக்கப்பட்டது. பட்டம் வழங்கலாம், ஆனால் நத்தைக்குத் தனிக்கதவு வேண்டும், அது கட்டாயம் திறக்க வேண்டும், கொக்கி வேண்டியதில்லை. திருத்திய ஆய்வேடு சனிக்கிழமைக்குள், பெயிண்ட் காய்ந்த நிலையில், ஒரு படி மட்டும் சமர்ப்பிக்கப்பட வேண்டும்.